பரிசில் நீட்டித்தவர்கள்

புறநானூற்றுப் பாட்டுகளுக்குக் கீழே உரைநடையில் சிறு குறிப்புகள் உண்டு. யார் பாடியது, யாரைப் பாடியது, எந்தச் சூழலில் பாடியது என்பதை அவை சொல்லும். பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன்மேல் அந்தத் தொகுப்பில் பல பாட்டுகள் இருக்கின்றன. 56-ஆம் பாட்டில் நக்கீரர் அவனைத் தெய்வங்களோடு ஒப்பிட்டு, யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் அருந்தி மகிழ்ந்திருக்க வாழ்த்துகிறார். 196-ஆம் பாட்டின் குறிப்போ வேறு சங்கதி சொல்கிறது: நன்மாறன் பரிசில் நீட்டித்தான், அதாவது தரவேண்டியதைத் தராமல் நாளைக் கடத்தினான், அப்போது ஆவூர் மூலங்கிழார் பாடியது இது. 198-இல் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் அதே அரசனிடம் அதே குறையோடு நிற்கிறார். இடையிலுள்ள 197-இல் தாமதித்தவன் சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன். 210, 211 ஆகிய இரண்டிலும் தாமதித்தவன் சேரமான் குடக்கோ இளஞ்சேரல் இரும்பொறை. மூவேந்தர் குடியில் எதுவும் விட்டுப்போகவில்லை.

வேலைக்கான கடைசிச் சுற்று நேர்காணலை முடித்துவிட்டு வீடு திரும்பியவரின் நிலைமை இந்தப் புலவர்களின் நிலைமைக்கு வெகு தொலைவில் இல்லை. மூன்று நான்கு சுற்றுப் பேசியாயிற்று, தெரிந்த வித்தையெல்லாம் காட்டியாயிற்று, சொல்லி அனுப்புகிறோம் என்ற வாக்கும் கிடைத்தாயிற்று. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஒரு மெயில் போடலாமா, போட்டால் வேலைக்கு அலைகிறவன் என்று நினைத்துவிடுவார்களோ, போடாவிட்டால் அக்கறை இல்லாதவன் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற தடுமாற்றம்தான் மிச்சம். கம்பெனி உலகத்தோடு வந்த புதுச் சங்கடம் இது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சங்கப் புலவர்கள் இதே இடத்தில் நின்றிருக்கிறார்கள். நினைவூட்டிக் கேட்பதற்கென்றே பரிசில் கடாநிலை என்று ஒரு துறையும் அவர்களுக்கு இருந்தது. அந்தத் துறைப் பாட்டுகளைச் சேர்த்துவைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். கேட்டதாலோ, தேவை வெளியே தெரிந்ததாலோ எந்தப் புலவரும் சிறுத்துப்போகவில்லை. கெடு வைக்காமல் காத்துக் கிடக்கச் சம்மதிப்பது மட்டுமே சிறுமை என்று அவர்கள் கண்டார்கள். அந்த ஒன்றுக்கு அவர்களில் அநேகர் சம்மதிக்கவில்லை.

முதலில் அந்தத் துறையின் இடத்தைப் பார்க்க வேண்டும். தொல்காப்பியப் புறத்திணையியல் பாடாண் திணையின் துறைகளை அடுக்கும்போது, நெடுவழி நடந்துவந்த களைப்பை வாயில்காவலரிடம் சொல்வதை ஒரு துறையாகவும், பரிசிலை நினைவூட்டுவதை இன்னொரு துறையாகவும், பெற்றபின் விடைகொள்வதை வேறொரு துறையாகவும் வைக்கிறது. பிற்காலத்தில் ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையின் பாடாண் படலத்திலும் பரிசில் நிலை, பரிசில் விடை என்ற துறைகள் நிற்கின்றன. வாயிலில் நிற்பதும், பாடுவதும், காத்திருப்பதும், நினைவூட்டுவதும், விடைபெறுவதும் ஒரே நிகழ்ச்சியின் படிகளாக இலக்கணத்துக்குள் வந்துவிட்டன என்பதே இதன் பொருள். ஆற்றுப்படை நூல்கள் காட்டும் உலகம் வேறு. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வருபவனுக்கு வழிசொல்லி அனுப்புகிற அந்த நூல்களில் தாமதமே கிடையாது. பொருநராற்றுப்படையின் கரிகாலன் பரிசு கொடுத்ததோடு நில்லாமல் விடைபெறுபவன் பின்னே ஏழடி நடந்துவந்து வழியனுப்புகிறான். ஆற்றுப்படை புரவலனுக்கு விளம்பரம். நல்ல பக்கத்தை மட்டும் சொல்வது அதன் இயல்பு. கடாநிலைப் பாட்டுகள்தாம் அரண்மனை முற்றத்தில் உண்மையில் நடந்ததற்குப் பக்கத்தில் நிற்கின்றன. புறநானூற்றில் மட்டும் இந்தத் துறையில் பத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் இருப்பதைப் பார்த்தால், தாமதம் எப்போதோ ஒருமுறை நேர்ந்ததாகத் தோன்றவில்லை. அடிக்கடி நேர்ந்த ஒன்றுக்குத்தான் இலக்கணம் தனிப் பெயர் கொடுக்கும்.

இனி, மூலங்கிழார் நன்மாறனிடம் கேட்டது என்ன? பரிசைக் கொடு என்ற வேண்டுகோளாக அந்தப் பாட்டு தொடங்கவில்லை. கொடுப்பவனுக்குரிய ஒழுங்கைச் சொல்லித் தொடங்குகிறது. முடிந்ததை முடியும் என்று சொல்லிக் கொடுப்பதும், முடியாததை இல்லை என்று சொல்லிவிடுவதும் இரண்டுமே பெருந்தன்மை என்கிறார் புலவர். முடியாததை முடியும் என்று சொல்லி அலையவைப்பதும், முடிந்ததை இல்லை என்று மறைப்பதும் கேட்பவரை வாட்டும். கொடுப்பவர் புகழையும் தேய்க்கும். இப்படி ஒன்றை எங்கள் கூட்டத்தார் இதுவரை கண்டதில்லை, இப்போது கண்டோம் என்று ஒரு குட்டும் வைக்கிறார். பிறகு அரசனின் பிள்ளைகள் நோயில்லாமல் இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு, வெயிலையும் பனியையும் பாராமல், வறுமையிலும் நாணம் விடாத மனைவியை நினைத்துக்கொண்டு புறப்படுகிறேன் என்று முடிக்கிறார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் பொது நியாயம், அடுத்து தனக்கு நேர்ந்தது, அடுத்து வாழ்த்து, கடைசியில் புறப்பாடு. பரிசு என்ற ஒன்றை மட்டும் அவர் கேட்டிருந்தால், கொடுப்பதும் கொடுக்காததும் அரசன் விருப்பம் என்றாகியிருக்கும். அவர் கேட்டது பதில். பதிலைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. இல்லை என்ற சொல்லையும் பெருந்தன்மையின் கணக்கில் சேர்த்துவிட்டதால், அரசன் மறுப்பதற்கான கதவையும் அவரே மரியாதையாகத் திறந்துவைக்கிறார். மறுக்க வழியில்லாமல் நெருக்குவதுதான் பிச்சையின் சாயல். இரண்டு பதிலுக்கும் இடம் விட்டுக் கேட்பதில் அந்தச் சாயல் இல்லை.

யாரிடம் கேட்பது, எந்தத் தொனியில் கேட்பது என்பதிலும் பழையவர்கள் தேர்ந்திருந்தார்கள். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நீட்டித்தபோது ஔவையார் பாடிய 206-ஆம் பாட்டு அரசனை நேராக விளிக்கவில்லை, வாயில்காவலனை விளிக்கிறது. வருகிறவர்க்கு அடைக்காத வாயிலைக் காப்பவனே என்று அவனுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு, உன் தலைவன் தன் தரத்தை அறியானா, என் தரத்தை அறியானா என்று கேட்கிறார். அறிவும் புகழும் உடையவர்கள் செத்துப்போய் உலகம் வெறுமையாகிவிடவில்லை. தச்சன் பெற்ற பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் நுழைந்தால் மரம் கிடைக்காமல் போகாது. கலை கற்றவர்க்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்று முடிக்கிறார். தாமதத்துக்குக் காவலன் பொறுப்பில்லை என்பது அவருக்குத் தெரியும், அதனால் கோபத்தை அவன்மேல் கொட்டவில்லை. செய்தி அவன் வழியாக உள்ளே போகும் என்பதும் தெரியும். அதே ஔவையார் அதே அதியமானைப் பற்றிப் பாடிய 101-ஆம் பாட்டின் தொனியே வேறு. அங்கே பேசுவது தம் நெஞ்சோடு. ஒருநாள் இருநாள் அல்ல, பலநாள், பலரோடு திரும்பத் திரும்பப் போனாலும் முதல்நாள் காட்டிய அன்பையே காட்டுகிறவன் அவன். பரிசு இன்று வந்தாலும் தள்ளி வந்தாலும், யானை தன் கொம்புக்கிடையில் வைத்துக்கொண்ட கவளம்போல அது வாய்க்கு வருவது உறுதி என்று நெஞ்சைத் தேற்றுகிறார். இந்த இரண்டில் எது முந்தியது என்பது முக்கியமில்லை. பொறுமைக்கு அவர் ஓர் ஆதாரம் காட்டுகிறார் என்பதே முக்கியம்: அந்த மனிதனின் பழைய நடத்தை. பொறுமையாக இருப்பது நல்லது என்று பொதுப்படச் சொல்லவில்லை. இவனிடம் பொறுக்கலாம், ஏனென்றால் இவன் இதுவரை இப்படி நடந்திருக்கிறான் என்கிறார். ஆதாரம் இருந்தால் காத்திருப்பு நம்பிக்கை. இல்லாதபோது அது வெறும் பயம்.

கேட்காமலே கேட்ட ஒருவரையும் சொல்ல வேண்டும். பேய்மகள் இளவெயினி சேரமான் பாலைபாடிய பெருங்கடுங்கோவைப் பாடிய 11-ஆம் பாட்டு, அவனுடைய போர்வெற்றியைச் சொல்லி, அதைப் பாடிய பாடினி பொன்னணிகள் பெற்றாள், பாணன் வெள்ளிநாரில் தொடுத்த பொற்றாமரை பெற்றான் என்று முடிகிறது. தம்மைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இதையும் பரிசில் கடாநிலை என்றே வகைசெய்தார்கள். மற்றவர்க்குக் கிடைத்ததை முகம் சுளிக்காமல் பாராட்டிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வதே நினைவூட்டல் ஆகிவிடுகிறது. ஆனால் இத்தனை நாசூக்கு, பாட்டின் மௌனத்தைப் படிக்கத் தெரிந்த அரசனிடம்தான் செல்லும். கடுங்கோ தானே பாட்டுக் கட்டத் தெரிந்தவன் என்பதை அவன் பெயரே சொல்கிறது. எல்லாப் புரவலரிடமும் இந்த வழி பலிக்காது என்பதால்தான் மற்றவர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள்.

தேவையை மறைப்பதுதான் கௌரவம் என்ற இன்றைய எண்ணம் இந்தப் பாட்டுகளுக்கு அடியோடு அந்நியமானது. பெருஞ்சித்திரனார் குமணனிடம் பாடிய 159-ஆம் பாட்டில், கோலூன்றி அடிமேல் அடிவைத்து நடக்கும் கிழத்தாய் வருகிறாள்; பிள்ளைகள் பற்றியிழுக்கும் மெலிந்த மனைவி வருகிறாள்; குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து, உப்பில்லாமல் வேகவைத்து, மோருமின்றித் தின்பது வருகிறது. வீட்டின் வறுமை அப்படியே அரசவையில் விரிக்கப்படுகிறது. அடுத்த மூச்சிலேயே புலவர் ஒரு நிபந்தனை போடுகிறார். கொம்பேந்திய யானையே ஆனாலும் மனமில்லாமல் தள்ளிவிடுகிற பரிசானால் கொள்ளமாட்டேன். நீ மகிழ்ந்து கொடுத்தால் குன்றிமணி அளவானாலும் கொள்வேன். பசியும் நிபந்தனையும் ஒரே பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளவில்லை. தேவை இருப்பது உண்மை, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. எப்படித் தந்தாலும் வாங்கிக்கொள்வேன் என்பதுதான் வெட்கம் என்பது அவர் கணக்கு.

இதற்கு மாறான சாட்சி ஒன்று இருக்கிறது, அதை ஒளிக்கக் கூடாது. பெருந்தலைச் சாத்தனார் அதே குமணனைப் பாடிய 164-ஆம் பாட்டில், சமைக்காத அடுப்பில் காளான் பூத்திருக்கிறது, தாயிடம் பாலில்லாமல் குழந்தை அழுகிறது, மனைவி புலவரின் முகத்தைப் பார்க்கிறாள். என் நிலைமை தெரிந்தபின் உன்னை வளைத்தாவது பெறாமல் விடமாட்டேன் என்கிறார். புறப்பட்டுப் போகும் பேச்சு இங்கே இல்லை, விடாப்பிடிதான் இருக்கிறது. கெடு வைத்துக் கேட்டார்கள் என்ற வாதத்தை இந்தப் பாட்டு உடைக்கிறதே என்று கேட்கலாம். சூழலைப் பார்த்தால் உடைக்கவில்லை. குமணன் அப்போது தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் இருந்தான். அவனிடம் ஒளித்துவைக்கப் பொருளும் இல்லை, தள்ளிப்போட அவகாசமும் இல்லை. அவன் என்ன செய்தான் என்பதை 165-ஆம் பாட்டு சொல்கிறது: தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருந்ததால், வாளை உருவிப் புலவர் கையில் கொடுத்தான். சாத்தனாரின் பிடிவாதம் தாமதத்தின்மேல் எழுந்ததில்லை. உடனே பதில் சொல்கிற ஒருவனிடம் உரிமையோடு எழுந்தது. பரிசில் நீட்டித்த கடிய நெடுவேட்டுவனிடம் அதே சாத்தனார் 205-ஆம் பாட்டில் பேசும் தொனி முற்றிலும் வேறு. மூவேந்தர் தந்தாலும் விருப்பமின்றித் தருவதை விரும்பமாட்டோம் என்கிறார். ஆள் பார்த்துப் பேசியிருக்கிறார்.

தாமதத்தைவிடச் சிறுமையானது ஒன்று உண்டு என்பதையும் இவர்கள் கண்டார்கள்: தகுதியைப் பாராமல் கைக்கு வந்ததைக் கொடுத்து அனுப்பிவிடுவது. பெருஞ்சித்திரனார் அதியமானிடம் போனபோது, அவன் நேரில் காணாமலே இதைக் கொண்டு போகட்டும் என்று பரிசு அனுப்பினான். அவர் வாங்கவில்லை. பாட்டை விற்றுப் பொருள் பெறும் வியாபாரியா நான், என்னைக் கண்டு என் தரமறிந்து தந்தால் தினையளவும் இனிது என்று 208-ஆம் பாட்டில் திருப்பி அனுப்புகிறார். வெளிமான் தன் தம்பியைப் பரிசு கொடுக்கப் பணித்தபோது அந்த இளவெளிமான் ஏதோ கொஞ்சம் கொடுத்தான். அதையும் மறுத்த பெருஞ்சித்திரனார் குமணனிடம் சென்று யானை ஒன்று பெற்றுவந்து, இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிவிட்டு, இது என் பரிசு என்று சொல்லிப் போனார் என்கிறது 162-ஆம் பாட்டின் செய்தி. சோழனிடம் தாமதம் கண்ட மதுரைக் குமரனாரோ, தேரும் யானையும் குதிரையும் உடையவர்களை நாங்கள் வியப்பதில்லை, வரகுச் சோறும் கீரையும்தான் உண்டென்றாலும் எங்கள் தரம் அறிந்த சிற்றூர்த் தலைவனே எங்களுக்குப் பெரியவன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இவர்களில் ஒருவரும் செல்வர் இல்லை. போக்கிடம் இருந்ததால் மட்டும் துணிந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சிலர் எங்கே போவது என்று தெரியாமலே புறப்பட்டார்கள். போக முடியும் என்ற எண்ணமே பேச்சுக்கு முதுகெலும்பாக இருந்தது.

இவை எல்லாவற்றிலும் இன்றைய நேர்காணலுக்கு மிகப் பக்கத்தில் வருவது பெருங்குன்றூர் கிழாரின் வழக்கு. சேரமான் இளஞ்சேரல் இரும்பொறையிடம் அவர் நெடுநாள் நின்றார். முதல்நாள் பரிசு கையில் இருப்பதுபோலக் காட்டி, அடுத்த நாள் அதைப் பொய்யாக்கிவிட்டாய் என்பது 211-ஆம் பாட்டின் குற்றச்சாட்டு. நேர்காணலின் கடைசி அறையில் எப்போது வந்து சேரமுடியும், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கிற கேள்விகளும் முதல்நாள் கையிலிருந்த பரிசைப் போன்றவைதாம். 210-ஆம் பாட்டில் அவர் சொல்வது இன்னும் கடுமை: உன்னைப் போன்றவர்கள் அருளில்லாமல் இருந்தால் எங்களைப் போன்றவர்கள் இங்கே பிறக்காமலே இருக்கலாம். வீட்டில் மனைவி நான் இருக்கிறேனா செத்தேனா என்று கலங்குவாள் என்கிறார். இரண்டு பாட்டும் நான் போகிறேன் என்ற அறிவிப்பில் முடிகின்றன. 211 வாழ்த்தையும் விட்டுவிடவில்லை. இதே புலவர்தான் பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்தில் இளஞ்சேரல் இரும்பொறையைப் பாடியவர். அந்தப் பத்தின் பதிகம், அரசன் அவருக்கு 32,000 காணம் கொடுத்ததோடு, அவருக்குத் தெரியாமலே ஊரும் வீடும் வளமாக அமைத்துக் கொடுத்தான் என்கிறது. எது முன், எது பின் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. முன்பு வெறுங்கையோடு போனவரைப் பின்பு தேடிக் கொடுத்தானா, கொடுத்தவனே பின்னாளில் மாறினானா என்பது திறந்தே கிடக்கிறது. எப்படியானாலும் ஒன்று உறுதி. அத்தனை கடுமையாகக் கேட்டதால் உறவு முறிந்தே தீரும் என்ற விதி அந்தக் காலத்தில் இல்லை. வசையாகப் பொரிந்து தள்ளாமல், வழக்காக எடுத்துவைத்த பேச்சு அது.

இந்தச் சான்றுகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி நியாயமானது. பாட்டின் கீழுள்ள குறிப்புகள் தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ எழுதியவை. பாட்டு பிறந்த நாளிலேயே எழுதப்பட்டவை அல்ல. பதிற்றுப்பத்தின் பதிகங்களும் பிற்பட்டவை. 32,000 என்ற எண் பெருமைக்காக ஊதிய எண்ணாகவும் இருக்கலாம். ஆனால் என் வாதம் எந்த அரசன் எத்தனை நாள் தாமதித்தான் என்பதில் நிற்கவில்லை. குறிப்பெழுதியவர்களுக்கு, புகழ் பாடும் தொகுப்பில் ஓர் அரசன் பரிசில் நீட்டித்தான் என்று பதிவதில் கூச்சம் இருக்கவில்லை. புலவர் நினைவூட்டினார் என்பதைத் தாழ்வாகவும் நினைக்கவில்லை. வழக்கம் என்பது அதுதான். வென்றவர்களின் பாட்டு மட்டும் பிழைத்திருக்கும், தோற்றவர்கள் காணாமல் போயிருப்பார்கள் என்ற ஐயமும் இங்கே செல்லாது. 209-ஆம் பாட்டில் மூவன் என்ற தலைவன் பெருந்தலைச் சாத்தனாருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நீ தராவிட்டாலும் வருந்தமாட்டேன், நோயின்றி இரு என்று சொல்லி அவர் வெறுங்கையோடு திரும்புகிறார். தோல்வியும் தொகுப்பில் இடம் பெற்றிருக்கிறது. 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, கொடுத்தவர்களோடு கொடுக்காதவர்களும் சேர்ந்தே அச்சேறினார்கள்.

பிற்காலத்தில் நிலைமை எப்படி மாறியது? திருக்குறள் இந்தச் சிக்கலின் இரு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்தது. 106-ஆம் அதிகாரமான இரவு, கேட்கத் தக்கவரிடம் கேள், அவர் ஒளித்தால் பழி அவரைச் சேரும் என்கிறது. அடுத்த இரவச்சம், கேட்காமல் இருப்பதே மேல் என்கிறது. வள்ளுவருக்கும் ஒரே பதிலில் திருப்தி இல்லை. பாளையக்காரர், ஜமீன் காலத்தில் நேரில் நிற்பதற்குப் பதிலாக ஓலை போகத் தொடங்கியது. சீட்டுக்கவி என்ற அந்த வகையில் கவிஞன் முதலில் தன் தகுதியை முழங்கிவிட்டு அப்புறம்தான் வேண்டியதைச் சொல்வான். பார்வையில்லாத அந்தகக்கவி வீரராகவ முதலியார், ஏட்டில் எழுதாமல் மனத்திலேயே எழுதிப் படித்த தம் திறமையைத்தான் சீட்டுக்கவியில் முன்னே நிறுத்தினார். 1919-இல் கடையத்திலிருந்து பாரதி எட்டயபுரம் ஜமீனுக்கு எழுதிய சீட்டுக்கவியும் அந்த மரபின் குரலே. கையில் காசில்லாத காலத்தில் எழுதியது அது. ஆனாலும் சால்வையும் பொற்பையும் பல்லக்கும் கேட்கிற தோரணை ஓர் அரசன் இன்னோர் அரசனிடம் பேசுவதாக இருக்கிறது. அடுத்த ஆண்டே பாரதி சென்னையில் சுதேசமித்திரன் பத்திரிகையில் மீண்டும் வேலையில் அமர்ந்தார். கொடையின் காலம் போய்ச் சம்பளத்தின் காலம் வந்துவிட்டிருந்தது.

அந்தச் சம்பளக் காலத்தோடு வந்தது மனு. கச்சேரிகளும் கலெக்டர் அலுவலகங்களும் எதிர்பார்த்த மொழியில், கேட்பவன் தாழ்மையோடு தொடங்கிக் கீழ்ப்படிதலோடு முடிக்க வேண்டும். பள்ளிக்கூட விடுமுறைக் கடிதத்தில் இன்றும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன் என்று நம் பிள்ளைகள் எழுதுவது அதன் எச்சம். கடாநிலையில் தேவையும் தகுதியும் சேர்ந்து நின்றன. மனுவில் தேவை மட்டும் நின்றது, தகுதி சான்றிதழ் நகலாக இணைப்புக்குப் போய்விட்டது. கேட்டாலே தாழ்ந்துபோவோம் என்ற அச்சம் நமக்கு இங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். இன்றைய மெயிலில் தாழ்மையான வார்த்தைகளை எடுத்துவிட்டோம், ஆனால் அச்சத்தை எடுக்கவில்லை. எத்தனை நாள் கழித்து எழுதுவது, நன்றிக் கடிதத்தில் எத்தனை வரி இருக்கலாம் என்று ஆலோசனைகள் குவிகின்றன. அவை எல்லாமே தேவையை எப்படி மறைப்பது என்ற பாடங்கள். பழையவர்கள் மறைப்பதில் நேரம் செலவிடவில்லை.

வலுவான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. புலவனிடம் பாட்டு இருந்தது, அரசனின் புகழ் அவன் நாக்கில் இருந்தது, அதனால் துணிந்தான். நூறு பேரில் ஒருவராக நிற்கும் விண்ணப்பதாரரிடம் என்ன இருக்கிறது? உண்மைதான், ஆற்றல் சமமில்லை. மௌனத்துக்குப் பின்னால் எப்போதும் அலட்சியம்தான் இருக்கும் என்பதும் இல்லை. பணியிடத்துக்கு ஒப்புதல் வராமல் இருக்கலாம், முதலில் தேர்வானவர் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கலாம். எச்.ஆர். பிரிவில் இருப்பவருக்கே விவரம் தெரியாமல் இருக்கலாம். அவரும் ஒரு வாயில்காவலரே. ஆனால் மூலங்கிழார் வகுத்த ஒழுங்கு ஆம் என்ற பதிலைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை மறக்கக் கூடாது. இன்னும் முடிவாகவில்லை என்ற ஒரு வரியும், இல்லை என்ற ஒரு சொல்லும் அந்த ஒழுங்குக்குள் அடங்கும். அடங்காதது மௌனம் மட்டுமே. தவிர, புலவர்களின் பலம் முழுவதும் வசைபாடும் அச்சுறுத்தலிலிருந்து வந்ததாகவும் தெரியவில்லை. கடாநிலைப் பாட்டுகளில் பல வாழ்த்தோடு முடிகின்றன. தரம் அறியாத இடத்தில் தங்கமாட்டேன் என்ற முடிவு அவர்களிடம் இருந்தது. அந்த முடிவுக்குப் பாட்டுத் திறம் தேவையில்லை, யாரும் எடுக்கலாம்.

ஆகவே இந்த வரலாற்றிலிருந்து வேலை தேடுபவர் எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. சொன்ன நாள் கடந்ததும் ஒருமுறை கேளுங்கள். பதில் சொல்வதற்கு வசதியாக, ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடம் விட்டுக் கேளுங்கள். நீங்கள் என்ன செய்யத் தெரிந்தவர் என்பதை அந்தக் கடிதத்தில் ஒரு வரியாவது நினைவூட்டட்டும். நடுவில் நிற்பவரிடம் கோபப்படாதீர்கள். அந்த நிறுவனம் முன்பு சொன்னபடி நடந்திருந்தால் பொறுங்கள், அதற்கு ஆதாரம் இல்லையென்றால் இன்னொரு முறை தேதி குறித்துக் கேட்டுவிட்டு, வாழ்த்துச் சொல்லி அடுத்த கதவுக்குப் போங்கள். வேலை வேண்டும் என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதைவிடச் சுருக்கம். கடைசிச் சுற்றுவரை வரவழைத்த ஒருவருக்கு இல்லை என்று எழுத இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை அனுப்பிவிடுங்கள்.